நூறு வரை சொல்கிறாள், ஆனால் எதையும் கவனிப்பதில்லை: என்ன செய்யலாம்?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "என் மகளுக்கு நான்கரை வயது. ஒன்றிலிருந்து நூறு வரை தடுமாறாமல் சொல்வாள். ஆனால் எதையும் உற்றுக் கவனிக்க மாட்டேன் என்கிறாள். செருப்பை இடம் வலம் மாற்றிப் போடுகிறாள். இரண்டு படங்களைக் காட்டி என்ன வித்தியாசம் என்று கேட்டால் விழிக்கிறாள். சின்ன வயதுக் கணக்கு விளையாட்டுகள் கவனிப்புத் திறனை வளர்க்கும் என்கிறார்கள். உண்மையா? எதிலிருந்து தொடங்குவது?"

உண்மைதான். மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள பிள்ளைகளோடு இருபது வருடமாகத் தரையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். அதில் கற்றுக்கொண்டதையும், இந்த வயதைப் பற்றி நடந்த ஆய்வுகளில் எனக்குக் கை கொடுத்தவற்றையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் செருப்பை விட்டுவிடுங்கள். இடம் வலம் உறுதியாகப் பிடிபட ஆறு, ஏழு வயதுகூட ஆகும். அதைக் கவனக்குறைவு என்று கணக்கில் சேர்க்காதீர்கள்.

உங்கள் மகள் கவனிக்காமலும் இல்லை. அந்த வயதுப் பிள்ளை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது, நாம் கேட்கிற அந்த ஒன்றைத் தவிர. ஒரு பொருளில் பார்க்க எத்தனையோ இருக்கிறது: நிறம், பளபளப்பு, தட்டினால் வரும் சத்தம், அது யாருடையது, நேற்று எங்கே கிடந்தது. இதில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விடத் தெரிவதைத்தான் கவனிப்பு என்கிறோம். கணக்கு செய்யச் சொல்வதும் இதே வேலையைத்தான். மேஜையில் மூன்று கரண்டி, வாசலில் மூன்று செருப்பு, மூன்று முறை கைதட்டல். இந்த மூன்றிலும் ஒரே விஷயம் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், கரண்டியின் மினுக்கையும் செருப்பின் அழுக்கையும் கைதட்டலின் ஓசையையும் மனம் ஒதுக்க வேண்டும். நமக்கு அது தானாக நடந்துவிடுகிறது. நான்கு வயதுக்கு அது பெரிய வேலை.

பின்லாந்தில் மின்னா ஹன்னுலா, எர்னோ லெஹ்டினென் என்ற இருவர் செய்த ஆய்வு ஒன்று 2005-ல் வெளிவந்தது. அதில் ஒரு பொம்மைக் கிளி வரும். பெரியவர் ஒருவர் சின்னச் சின்னப் பழங்கள் போன்ற மணிகளில் இரண்டை மட்டும் எடுத்துக் கிளியின் வாயில் போடுவார். "நான் செய்த மாதிரியே நீயும் செய்" என்பார். எத்தனை, எண்ணு என்ற பேச்சே வராது. சில பிள்ளைகள் சரியாக இரண்டு மணி போட்டார்கள். வேறு சிலர் கிளிக்கு ஊட்டுகிற ஆசையில் போட்டுக்கொண்டே இருந்தார்கள். இரண்டாவது வகைப் பிள்ளைகளுக்கு இரண்டு என்றால் என்னவென்று தெரியாமல் இல்லை. யாராவது எண்ணச் சொன்னால் எண்ணுவார்கள். எண்ணிக்கை என்று ஒன்று அங்கே பார்ப்பதற்கு இருக்கிறது என்பதுதான் அவர்கள் மனதில் படவில்லை. யாரும் சொல்லாமலே எண்ணிக்கையைப் பார்க்கிற இந்தப் பழக்கம் பின்னாளில் எண்ணும் திறனோடு சேர்ந்தே வளர்கிறது என்பதை அந்த ஆய்வு காட்டியது. இன்னும் முக்கியமான செய்தி, அதே குழுவினர் பராமரிப்பு மையங்களில் மூன்று வயதுப் பிள்ளைகளிடம் செய்த வேறொரு முயற்சியில் கிடைத்தது: பெரியவர்கள் அன்றாடப் பேச்சில் எண்ணிக்கையைச் சுட்டிக்காட்டினால் இந்தப் பழக்கத்தை வளர்க்க முடியும்.

உங்கள் மகளின் நூறு எந்த இடத்தில் நிற்கிறது என்று இப்போது புரியும். அது பாட்டு மாதிரி. வாயில் இருக்கிறது, இன்னும் கண்ணுக்கு வரவில்லை. அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை, அந்த வரிசை பின்னால் உதவத்தான் போகிறது. ஆனால் நூற்றிலிருந்து இருநூறுக்குப் போகாதீர்கள். திரும்பி வந்து இரண்டு, மூன்று, நான்கிலேயே கொஞ்ச நாள் தங்குங்கள்.

எப்படி என்றால், கண்ணெதிரே இருக்கிற பொருளைக் காட்டி முதலில் மொத்தத்தைச் சொல்லுங்கள், உடனே எண்ணிக் காட்டுங்கள். "அங்கே பார், நாலு புறா. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு." இரண்டும் அடுத்தடுத்து வர வேண்டும். வெறுமனே எண்ணிக் காட்டுவதாலோ வெறுமனே "நாலு புறா" என்பதாலோ கிடைக்காத பலன், இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போது கிடைக்கிறது என்று 2012-ல் கெல்லி மிக்ஸ் குழுவினர் கண்டார்கள். எண்ணி முடித்த கடைசிச் சொல்லும் அந்தக் கூட்டத்தின் அளவும் ஒன்றுதான் என்பது பிள்ளைக்கு அங்கேதான் பொறி தட்டுகிறது. அது இன்னும் தட்டவில்லை என்பதை எளிதாகக் கண்டுபிடிக்கலாம். ஐந்து மூடிகளை எண்ணச் சொல்லுங்கள், எண்ணி முடித்ததும் "மொத்தம் எத்தனை?" என்று கேளுங்கள். தெரிந்த பிள்ளை "அஞ்சு" என்னும். தெரியாத பிள்ளை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும்.

எண்ணாமலே பார்த்துச் சொல்வதும் ஒரு திறமை. 1871-ல் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற பொருளியல் அறிஞர், ஒரு டப்பாவுக்குள் விதைகளை அள்ளி வீசி, பார்த்த மாத்திரத்தில் எத்தனை என்று ஊகித்து, பிறகு எண்ணிச் சரிபார்த்தார். இப்படி ஆயிரம் முறைக்கு மேல் செய்தார். மூன்று, நான்கு விதைகள் விழுந்தபோது ஒருமுறைகூடத் தவறவில்லை. ஐந்திலிருந்து தடுமாற்றம் தொடங்கிவிட்டது. பெரியவர் கண்ணுக்கே எல்லை நான்கு, ஐந்துதான். அதற்கு மேல் போனால் கூட்டத்தை உடைத்துப் பார்த்தாக வேண்டும். இதை வைத்து ஒரு விளையாட்டு. ஒரு தட்டில் நான்கைந்து கூழாங்கற்களை வைத்துத் துணியால் மூடுங்கள். துணியைத் தூக்கி, இரண்டு நொடி காட்டி, மூடிவிடுங்கள். "எத்தனை?" என்று கேட்காதீர்கள். "எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். ஒரு குழந்தை என்னிடம் "ரெண்டு இங்க, ரெண்டு இங்க, ஒண்ணு தனியா கோச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு" என்றது. ஐந்து என்ற சொல் வரவே இல்லை. ஆனால் ஐந்துக்குள் இரண்டும் இரண்டும் ஒன்றும் இருப்பதை அது பார்த்துவிட்டது. கூட்டல் பாடத்தில் நாம் பிறகு சொல்லிக்கொடுக்கப் போவதும் இதைத்தானே.

அடுத்தது பிரித்து வைப்பது. கவனிப்பை வளர்க்க ஒரே ஒரு விளையாட்டுத்தான் என்று யாராவது கட்டாயப்படுத்தினால் நான் இதைத்தான் எடுப்பேன்.

பல வருடம் முன்பு ஒரு மதியம். நான்கு வயதுப் பையன் ஒருவனிடம் ஒரு டப்பா நிறையச் சட்டைப் பொத்தான்களைக் கொடுத்து, "சேர்ந்தது சேர்ந்ததா வை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். மனதுக்குள் நான் எதிர்பார்த்தது நிறம். அவன் ஒரு சிவப்பு, ஒரு நீலம், பெரிய வெள்ளை ஒன்று, சின்னப் பழுப்பு ஒன்று என்று ஒரு குவியல் வைத்தான். இன்னொரு பக்கமும் அதே மாதிரி கலவை. "இந்தச் சிவப்பு அந்தச் சிவப்போடதானே போகணும்" என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஏதோ தோன்றி, "இதெல்லாம் ஏன் ஒண்ணா இருக்கு?" என்று மட்டும் கேட்டேன். ஒரு பொத்தானை எடுத்து என் கண்ணருகே நீட்டினான். "இதுக்கு மூக்கு இருக்கு டீச்சர்." இரண்டு துளை உள்ள பொத்தான்கள் ஒரு பக்கம், நான்கு துளை உள்ளவை இன்னொரு பக்கம். துளையே இல்லாமல், நூல் கோக்க அடியில் வளையம் வைத்த பொத்தான் ஒன்றுதான் இருந்தது. அதை அவன் தன் முழங்காலுக்கு அடியில் தனியாக ஒளித்து வைத்திருந்தான், எதிலும் சேராததால்.

அன்று நான் வாயைத் திறந்திருந்தால் அவன் நிறத்துக்கு மாறியிருப்பான். நானும் அவனுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது என்று குறித்து வைத்திருப்பேன். அன்றிலிருந்து பிரித்து வைக்கிற விளையாட்டில் என் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "இதெல்லாம் ஏன் ஒண்ணா இருக்கு?" பதில் எவ்வளவு விசித்திரமாக வந்தாலும் அதற்குப் பின்னால் கண் பார்த்த ஏதோ ஒன்று இருக்கும்.

பிள்ளை முதல்முறை பிரித்து முடித்த பிறகு, எல்லாவற்றையும் மறுபடி கலந்துவிட்டு, "இப்போ வேற மாதிரி பிரிக்கலாமா?" என்று கேளுங்கள். கடினமான பகுதி இதுதான். மூன்று வயதில் பல பிள்ளைகளுக்கு முதலில் பிடித்ததை விட முடியாது. அதே பொத்தானை இப்போது வேறு கண்ணால் பார் என்கிறோம், மனதுக்கு அது ஒரு திருப்பம். ஐந்து வயதை நெருங்கும்போது மெல்ல வரும். வராவிட்டால் நீங்கள் ஒருமுறை பிரித்து வைத்து, "நான் எதை வச்சுப் பிரிச்சேன், கண்டுபிடி" என்று சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இது பிரிப்பதைவிடப் பிடிக்கும்.

படங்களில் வித்தியாசம் கண்டுபிடிப்பது உங்கள் மகளுக்கு ஏன் கடினமாக இருக்கிறது என்பதற்கும் இங்கேயே பதில் இருக்கிறது. அந்தப் படங்களில் எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. நூறு விவரத்தில் எது மாறியிருக்கிறது என்று தேட வேண்டும். அதைக் கொஞ்ச நாள் தள்ளிவைத்து, மூன்று பொருளில் தொடங்குங்கள். ஒரு சாவி, ஒரு மூடி, ஒரு பென்சில். பார்க்க வையுங்கள், கண்ணை மூடச் சொல்லுங்கள், ஒன்றை எடுத்துவிடுங்கள். அடுத்த வாரம் எடுக்காமல் இடம் மட்டும் மாற்றுங்கள். அப்புறம் ஒன்றைத் தலைகீழாகத் திருப்பி வையுங்கள். என்ன மாறியது என்று சொல்ல, முன்பு என்ன இருந்தது என்பதை மனதில் வைத்திருக்க வேண்டும். படத்தில் தேடுவதற்கான பயிற்சி அங்கே தானாகக் கிடைக்கிறது. நிச்சயம் ஒருநாள் உங்கள் மகள் உங்களைக் கண்ணை மூடச் சொல்வாள். தவறாமல் மூடிக்கொள்ளுங்கள். என்ன மாற்றலாம் என்று யோசிக்கிற பிள்ளை, மாறியதைக் கண்டுபிடிக்கிற பிள்ளையைவிட உன்னிப்பாகப் பார்க்கிறது.

எண்ணிக்கையில் பிள்ளைகள் சொல்லும் தவறான பதில்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த ழான் பியாஜே செய்து காட்டிய பழைய சோதனை ஒன்று பலருக்குத் தெரிந்திருக்கும். ஆறு வில்லைகள் ஒரு வரிசை, எதிரே ஆறு வில்லைகள் இன்னொரு வரிசை. இரண்டும் சமம் என்று பிள்ளை ஒப்புக்கொள்ளும். ஒரு வரிசையை மட்டும் கண்ணெதிரே இழுத்து நீளமாக்கினால், நீளமான வரிசையில்தான் அதிகம் என்றுவிடும். நான்கு, ஐந்து வயதில் இது மிகச் சாதாரணம். ஆனால் 1974-ல் ஜேம்ஸ் மெக்காரிகிளும் மார்கரெட் டொனால்ட்சனும் இதை ஒரு சின்ன மாற்றத்தோடு செய்து பார்த்தார்கள். வரிசையைப் பெரியவர் கலைக்கவில்லை. குறும்புக்காரக் கரடி பொம்மை ஒன்று பெட்டியிலிருந்து வெளியே வந்து கலைத்துவிட்டது. அதே வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இப்போது "ரெண்டும் சமம்தான்" என்றார்கள். பெரியவர் வேண்டுமென்றே ஒன்றைச் செய்துவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டால், பதில் மாற வேண்டும்போல என்று பிள்ளை நினைத்துக்கொள்கிறது. வில்லையோடு சேர்த்து உங்களையும்தான் அது கவனிக்கிறது. உங்கள் புருவம், குரல், இரண்டாவது முறை கேட்கிறீர்களா என்பது, எல்லாமே.

அதனால் சரியான பதிலுக்குப் பிறகு அதே கேள்வியைத் திருப்பிக் கேட்காதீர்கள். நீளமான வரிசையில்தான் அதிகம் என்று சொன்னாலும் "இல்லை" என்று உடைக்காதீர்கள். நீளம் என்ற ஒன்றை அது உண்மையாகவே பார்த்திருக்கிறது. "ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஜோடி இருக்கான்னு பாக்கலாமா?" என்று சொல்லி, இந்த வரிசை வில்லைக்கு எதிரே அந்த வரிசை வில்லையை நகர்த்திப் பார்க்க விடுங்கள். பிள்ளையைத் திருத்த வேண்டியது வில்லைகள்தான், நாம் இல்லை.

இந்த விஷயத்தில் மரியா மாண்டிசோரியின் யோசனை இன்றும் எனக்கு வியப்புத் தருகிறது. 1907-ல் ரோமில் தன் முதல் பள்ளியைத் தொடங்கியவர் அவர். அவர் முறையில் இளஞ்சிவப்புக் கோபுரம் என்று ஒரு சாதனம் உண்டு. பத்துக் கனசதுரங்கள், மிகச் சின்னது 1 சென்டிமீட்டர், மிகப் பெரியது 10 சென்டிமீட்டர். எல்லாம் ஒரே நிறம், ஒரே வடிவம், ஒரே மரம். மாறுவது அளவு மட்டும். ஆகவே கண்ணுக்குப் பிடித்துக்கொள்ள அளவைத் தவிர வேறெதுவும் இல்லை. வரிசை மாறி அடுக்கினால் கோபுரமே காட்டிக்கொடுத்துவிடும். கடையில் இதை வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஒன்றுக்குள் ஒன்று போகிற டப்பாக்கள் போதும். கடைசி டப்பா உள்ளே போகவில்லை என்றால் எங்கோ தவறிவிட்டது என்று பிள்ளைக்கே தெரியும், யாரும் சொல்ல வேண்டாம். அதே காரணத்தால்தான் எண்ணுவதற்கென்று கண்ணும் காதும் ஒட்டிய அழகழகான பொம்மைகளை நான் தருவதில்லை. பிள்ளை பொம்மையோடு விளையாடத் தொடங்கிவிடும், எண்ணிக்கை காணாமல் போகும். மூடி, கூழாங்கல், கட்டை மாதிரி சுவாரசியம் இல்லாத பொருள்தான் எண்ணுவதற்கு நல்லது. பிரித்து வைப்பதற்கு மட்டும் விதவிதமாக இருக்கட்டும். (பொத்தான், கல் மாதிரிச் சின்னப் பொருள்களோடு விளையாடும்போது பக்கத்திலேயே இருங்கள். வீட்டில் அதைவிடச் சின்னக் குழந்தை இருந்தால் விளையாடி முடித்ததும் டப்பா உயரத்துக்குப் போய்விட வேண்டும்.)

வடிவங்களில் நாம்தான் பிள்ளைகளின் கண்ணைக் கட்டிப்போடுகிறோம். படப் புத்தகத்தில் முக்கோணம் என்றால் அடி தட்டையாக, மூன்று பக்கமும் சமமாக, எப்போதும் ஒரே மாதிரி. அதையே பார்த்து வளர்ந்த ஒரு சிறுமியிடம் ஒல்லியான சாய்ந்த முக்கோணத்தைக் காட்டினேன். "இது முக்கோணம் இல்ல, முள்ளு" என்றாள். சதுரத்தைக் கொஞ்சம் திருப்பி மூலையில் நிறுத்தினால் அது சதுரம் இல்லை என்று சொல்கிற பிள்ளைகளும் நிறைய. இந்தப் பருவத்தில் வடிவம் என்பது ஒரு முகம் மாதிரி. மொத்தமாகப் பார்த்து, பழகிய சாயல் இருந்தால் பெயர் சொல்கிறார்கள். பக்கம், மூலை என்று உறுப்பு உறுப்பாகப் பார்ப்பது அதற்கு அடுத்த படி என்று நெதர்லாந்தைச் சேர்ந்த வான் ஹீலே தம்பதி 1957-லேயே விளக்கியிருக்கிறார்கள். அந்தப் படிக்கு ஏற்றிவிட விரல் போதும். அட்டையில் குண்டாக, ஒல்லியாக, தலைகீழாகப் பல முக்கோணங்கள் வெட்டி, ஓரத்தை விரலால் தடவச் சொல்லி, எங்கெல்லாம் குத்துகிறது என்று கேளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் இன்னும் நல்லது. முள் என்று சொன்ன சிறுமி, விரலில் மூன்று முறை குத்தியதும், "முக்கோணந்தான், படுத்திருக்கு" என்று தானே தீர்ப்பு மாற்றினாள்.

திரும்பத் திரும்ப வரும் அமைப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம் என்று கட்டைகளை அடுக்கி அடுத்தது என்ன என்று கேட்பது எல்லாரும் செய்வதுதான். அங்கேயே நின்றுவிடாதீர்கள். நடுவில் ஒரு கட்டையை எடுத்துவிட்டு எது போனது என்று கேளுங்கள். அப்புறம் அதே அமைப்பைக் கைதட்டல், தொடைதட்டல் என்று உடம்பால் செய்யச் சொல்லுங்கள். நிறம் போய்விட்டது, கட்டையும் போய்விட்டது, ஆனாலும் "அதேதான்" என்று பிள்ளை கண்டுகொண்டால் அது அமைப்பையே பார்த்துவிட்டது என்று அர்த்தம்.

பகடை உருட்டிக் காய் நகர்த்தும் விளையாட்டும் நல்லதுதான், கட்டங்கள் நேர்கோட்டில் ஒன்று முதல் பத்து வரை இருந்தால். 2008-ல் கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் இப்படி ஒரு பலகையைக் கொண்டு மழலையர் வகுப்புப் பிள்ளைகளை விளையாட வைத்தார்கள். இரண்டு வாரத்தில் 15 நிமிட அமர்வு நான்கு, அவ்வளவுதான். எண்களின் அளவைப் பற்றிய புரிதல் தெளிவாக முன்னேறியது. ஒரு சின்னக் குறிப்பு: நான்காவது கட்டத்தில் நிற்கிற காய்க்கு இரண்டு விழுந்தால் "ஒன்று, இரண்டு" என்று சொல்லி நகர்த்தாமல், கட்டத்தில் இருப்பதைப் பார்த்து "ஐந்து, ஆறு" என்று சொல்லி நகர்த்தச் சொல்லுங்கள். முதல் வகையில் பலகையைப் பார்க்கவே தேவை இல்லை.

எவ்வளவு நேரம் என்றால், நாளுக்குப் பத்து நிமிடம் தாராளம். பாதியில் எழுந்து போனால் கூப்பிடாதீர்கள். கேள்வி கேட்டபின் காத்திருங்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள், நம்மால் பெரும்பாலும் மூன்றைத் தாண்ட முடிவதில்லை. பதில் வந்ததும் "வெரி குட்" என்று மூடிவிடாமல் "எதைப் பாத்துச் சொன்ன?" என்று கேட்டால் பேச்சு நீளும். அப்புறம் தினமும் சோதிக்காதீர்கள். சில நாள் நீங்களே சத்தமாகக் கவனியுங்கள்: "இந்தச் சாக்ஸுக்கு ஜோடி காணோம். இதுல கோடு மூணு, அதுல ரெண்டுதான் இருக்கு." பதில் எதிர்பார்க்காமல் சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள்.

நாளைக்கே தொடங்குவதென்றால் ஒரு டப்பாவில் இருபது பொத்தான் எடுத்து வையுங்கள். நிறம், அளவு, துளை எல்லாம் கலந்து இருக்கட்டும். எதிலும் சேராத ஒன்றையும் மறக்காமல் உள்ளே போடுங்கள். அதை அவள் எங்கே வைக்கிறாள் என்று பாருங்கள்.